துணை விமானிகளைச் சாகவிடாமல் கூட்டி வருவது எப்படி: விண்வெளிப் போர் விளையாட்டுகளுக்கான முழுமையான வழிகாட்டி

விண்வெளிப் போர் விளையாட்டுகளில் கணினி ஓட்டுகிற துணை விமானிகள், அதாவது விங்மேன்கள், மிஷன் பாதியைத் தாண்டுவதற்குள் செத்துப்போகிறார்கள் என்பது புதிதாக விளையாட வருவோர் எல்லாரும் சொல்லும் குறை. பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குச் சனிக்கிழமைகளில் வரும் கல்லூரிப் பிள்ளைகளும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால், சாவுக்கான காரணம் பெரும்பாலும் சண்டை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. ஆயுதம் பிரிக்கையில் ஒரு பிழை, முதல் கட்டளையில் ஒரு பிழை, அதற்குமேல் எதைச் செய்தாலும் எட்டாது. ஆகவே எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதன்மை உதாரணமாக ஃப்ரீஸ்பேஸ் 2 விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். 1999இல் வந்ததாயினும், அதன் மூலநிரல் 2002இல் வெளியிடப்பட்டதால், ஃப்ரீஸ்பேஸ் ஓப்பன் என்ற பெயரில் இன்றைய கணினிகளிலும் அது நன்றாக ஓடுகிறது. துணை விமானிகளுக்குக் கொடுக்கக்கூடிய கட்டளைகளும் அதில் விரிவாக உள்ளன. மற்ற விளையாட்டுகளில் வேறுபாடு வரும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

1. சாவுக்கு என்ன விலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த விளையாட்டானாலும் முதல் மிஷனுக்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இவர் இறந்தால் அடுத்த மிஷனில் இருப்பாரா, இருக்கமாட்டாரா? ஒருவரைக் காப்பாற்ற எவ்வளவு மெனக்கெடலாம் என்பது இந்த விடையைப் பொறுத்தது.

1990இல் வந்த விங் கமாண்டரில் இறந்தவர் இறந்தவர்தான். கப்பலில் இறுதிச் சடங்கு நடக்கும். அவரோடு சேர்ந்து பறக்க வேண்டிய மீதி மிஷன்களுக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டியிருக்கும். இங்கே ஓர் எதிரியைத் தப்பவிட்டாவது துணை விமானியைக் காப்பாற்றுவது நியாயம்.

ஃப்ரீஸ்பேஸ் 2இல் ஆல்ஃபா 2, ஆல்ஃபா 3 என்று எண்ணால் அழைக்கப்படுபவர்கள் அடுத்த மிஷனில் மீண்டும் முழு எண்ணிக்கையில் வந்து நிற்பார்கள். அதனால் அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு கப்பலை நோக்கி இரண்டு திசைகளிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் வரும் மிஷனில், ஒரு திசையை உங்களால் மட்டுமே பார்க்க முடியும். மறு திசைக்கு ஆள் இல்லையென்றால் மிஷன் தோற்றது தோற்றதுதான். இடையில் சேமித்து வைக்கவும் வழியில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1997இல் நின்டெண்டோவில் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் 64 இடைப்பட்ட வகை. வீழ்த்தப்பட்ட தோழர் சாகமாட்டார். பழுது பார்ப்பதற்காக அடுத்த கட்டத்துக்கு வராமல் நின்றுவிடுவார். அது ஸ்லிப்பி என்ற தோழராக இருந்துவிட்டால், பெரிய எதிரியின் ஷீல்டு, அதாவது அடி தாங்கும் காப்புத் திரை, எவ்வளவு மீதமிருக்கிறது என்ற அளவுகோல் திரையில் தெரியாமலே சண்டை போட வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. விங் கமாண்டர் 2 போன்றவற்றில் சில மரணங்கள் கதையிலேயே எழுதப்பட்டவை. நீங்கள் எப்படிப் பறந்தாலும் அவை நடக்கும். கதை கெட்டுவிடும் என்பதால் யார் என்று சொல்லமாட்டேன். இரண்டு முறை வேறு வேறு விதமாக ஆடியும் ஒருவர் அதே இடத்தில் அதே வசனத்தோடு இறந்தால், மூன்றாவது முறை முயலாமல் மேலே போய்விடுங்கள்.

2. உட்காருவதற்கு முன் தேவையானவை

முதல் தேவை, கட்டளை கொடுக்கும் விசைகள் விரலுக்குப் பழகியிருப்பது. ஃப்ரீஸ்பேஸ் 2இல் ‘சி’ விசையை அழுத்தினால் தகவல் தொடர்புப் பட்டியல் திறக்கும். அதில் யாருக்கு, என்ன கட்டளை என்று எண் விசைகளால் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் திறந்திருக்கும் நேரத்திலும் உங்கள் கலம் பறந்துகொண்டேதான் இருக்கும், எதிரி சுட்டுக்கொண்டேதான் இருப்பான். பட்டியலைப் படித்துப் பார்த்துத் தேடுகிறவர் இரண்டாம் முறை அடி வாங்கியதும் கட்டளை கொடுப்பதையே கைவிட்டுவிடுகிறார். ஆகவே எதிரி இல்லாத அமைதியான நேரத்தில் நான்கைந்து கட்டளைகளைத் திரையைப் பார்க்காமல் அடித்துப் பழகுங்கள். 1994இல் வந்த டை ஃபைட்டர் விளையாட்டில் இது எளிது. ஷிஃப்ட் விசையோடு ஓர் எழுத்தை அழுத்தினால் போதும்.

இரண்டாவது, துணை விமானிகளின் நிலையைக் காட்டும் சிறு அளவுகோல் திரையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு புள்ளி. சேதம் ஏற ஏற அதன் நிறம் மாறும். புதியவர்கள் பலர் ஒரு மாதம் விளையாடிய பிறகும் அதைக் கவனித்திருப்பதில்லை. யாரோ கத்துவது கேட்கும், யார் என்று தேடுவதற்குள் அந்தப் புள்ளியே இல்லாமல் போயிருக்கும்.

மூன்றாவது, நம் ஊருக்கு மட்டும் உரியது: யூபிஎஸ். நடுவில் சேமிக்க வழியில்லாத விளையாட்டில், நாலு பேரையும் உயிரோடு கொண்டுவந்து நிறுத்திய கடைசி நிமிடத்தில் கரண்ட் போனால் உண்டாகும் எரிச்சலுக்கு வேறு மருந்து கிடையாது.

கடினநிலையைப் பற்றி ஒரு சொல். ஐந்து நிலைகளில் கடைசி இரண்டை எடுத்துக்கொண்டு, துணை விமானிகள் நிலைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. கட்டளைகளைக் கற்கும்வரை நடு நிலைக்கு மேல் போக வேண்டாம்.

3. ஆயுதம் பிரிக்கும் திரையில் அவசரப்படாதீர்கள்

மிஷன் விளக்கம் முடிந்ததும் கலங்களையும் ஆயுதங்களையும் தேர்ந்தெடுக்கும் திரை வரும். புதியவர்கள் எல்லாருமே தங்கள் கலத்துக்கு மட்டும் நல்லதாகப் பார்த்து அடுக்கிவிட்டு உடனே புறப்பட்டுவிடுகிறார்கள். அதே திரையில் துணை விமானிகளின் கலத்தையும் ஏவுகணையையும் மாற்ற முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. சில மிஷன்களில் இது பூட்டப்பட்டிருக்கும். மற்றவற்றில் இது உங்கள் பொறுப்பு.

கையிருப்பு அளவானது. உயர்ந்த ஏவுகணைகளை முழுவதும் நீங்களே எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு மிச்சமிருப்பது போய்ச்சேரும். கணினி விமானி ஏவுகணையைச் சேர்த்து வைக்கமாட்டார். வாய்ப்புக் கிடைத்ததும் விட்டுத்தள்ளுவார். ஆகவே குறி பூட்டித் தானே துரத்திச் செல்லும் ஹார்ப்பூன், ஹார்னெட் போன்றவை அவருக்குப் பொருந்தும். குண்டுவீச்சு விமானங்கள் வரப்போகின்றன என்று விளக்கத்திலேயே தெரிந்தால், தொலைவிலிருந்தே தாக்கும் ட்ரெபுஷேவை ஒருவருக்காவது கொடுங்கள்; அவர் எதிரியின் பீரங்கிக்குக் கிட்டே போகும் தேவை குறையும். வெடித்துச் சிதறிப் பல சிறு குண்டுகளாகப் பரவும் இன்ஃபைர்னோவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். கூட்டத்துக்குள் அதை விட்டால் யாரைக் கொல்லும் என்று சொல்ல முடியாது.

கலத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: விரைவான பெர்சியஸை நீங்கள் வைத்துக்கொண்டு, மெதுவானதாயினும் அடி தாங்கும் ஹெர்குலிஸ் மார்க் 2ஐத் துணை விமானிகளுக்குக் கொடுங்கள். மனிதர் தம் திறமையால் வேகத்தைப் பாதுகாப்பாக மாற்றிக்கொள்வார். கணினி விமானிக்கு அது வராது, கனமான ஷீல்டு ஒன்றுதான் அவருக்குத் துணை.

டை ஃபைட்டரில் இந்தச் சலுகை இல்லை. அதில் வரும் டை ஃபைட்டர், இன்டர்செப்டர், பாம்பர் என்ற கலங்கள் மூன்றுக்குமே ஷீல்டு கிடையாது. அங்கே துணை விமானிக்குக் கிடைப்பது ஒரு நொடி அவகாசம் மட்டுமே என்பதால், கீழே சொல்லும் எல்லாவற்றையும் இன்னும் சற்று முன்கூட்டியே செய்ய வேண்டும்.

4. முதல் கட்டளையை எதிரி வருவதற்கு முன்பே கொடுங்கள்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தேர் ரத வீதி முக்கில் திரும்ப வேண்டுமானால், முக்குக்கு வரும் முன்பே கட்டையைப் போட்டுவிடுவார்கள். சக்கரம் போகத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. துணை விமானிகளுக்கான கட்டளையும் அப்படியே. எதிரி வந்து சேர்ந்ததும் அவர்கள் ஆளுக்கொரு இலக்கைத் தாமே தேர்ந்துகொண்டு, ஒருவர் முதுகை மற்றவர் பாராமல் பிரிந்துவிடுவார்கள். பிரிந்தவர்களைச் சண்டைக்கு நடுவே திரும்பச் சேர்ப்பது கடினம்.

ஆகவே மிஷன் தொடங்கியவுடன், யாரும் இல்லாத அந்த முதல் நிமிடத்தில், வேலையைப் பிரித்துவிடுங்கள். காக்க வேண்டிய கப்பலை இலக்காகப் பிடித்து, இரண்டு பேருக்கு ‘ப்ரொடெக்ட் மை டார்கெட்’ கொடுங்கள். மீதி ஒருவரை ‘கவர் மீ’ என்று உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிமிடத்தைத்தான் புதியவர்கள் நேரத்தை வேகமாக ஓட்டும் வசதியை அழுத்திக் கடந்துவிடுகிறார்கள்.

கட்டளை பெறுபவரைத் தேர்ந்தெடுப்பதில் ‘ஆல் ஃபைட்டர்ஸ்’ என்ற வரி பெரிய பொறி. ஒரே அழுத்தில் எல்லாருக்கும் போகிறதே என்று எளிதாகத் தோன்றும். ஆனால் எல்லாரும் ஒரே வேலைக்குப் போனால் மற்ற வேலைகளுக்கு ஆள் இருக்காது. தனிக் கலத்துக்கோ ஓர் அணிக்கோ கொடுத்துப் பழகுங்கள். மிஷனை அமைத்தவர்கள் சில கலங்கள் சில கட்டளைகளை ஏற்காதபடி வைத்திருப்பார்கள் என்பதால், மறுமொழி வருகிறதா என்றும் கேளுங்கள்.

5. எந்தக் கட்டளை எப்போது கொல்லும்

வழிகாட்டியின் மையம் இதுதான். கட்டளைகளின் பயனை விளையாட்டே சொல்லித்தரும். அவை ஆளைக் கொல்லும் தருணங்களை அது சொல்வதில்லை.

போன மாதம் ஒரு பையன் நெபுலா மூட்டத்துக்குள் மூன்று துணை விமானிகளையும் வரிசையாக இழந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். “அண்ணாச்சி, பக்கத்துல வாங்கன்னு சொன்னேன், வந்தானுவ. வந்து நின்னு அடி வாங்கியே செத்தானுவ. ஒருத்தனும் திருப்பிச் சுடல.” நான் சொன்னேன்: “நிக்கச் சொன்னே, நின்னானுவ. சண்டை போடச் சொன்னியாலே?” அவன் கொடுத்திருந்தது ‘ஃபார்ம் ஆன் மை விங்’. அந்தக் கட்டளையில் துணை விமானியின் ஒரே வேலை உங்கள் பக்கத்தில் தன் இடத்தைப் பிடித்து நிற்பது. எதிரி பின்னால் வந்தாலும் அவர் அந்த இடத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார். இடம் மாறும்போதும், ஆபத்திலிருந்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியேறும்போதும் இது அருமையான கட்டளை. எதிரி சுடும் தூரத்தில் இருக்கையில் இதை நீட்டித்தால் அவர்கள் வெறும் குறிப்பலகைகள். கூட்டி முடித்தவுடன் மறு கட்டளை கொடுக்க வேண்டும் என்பதே விதி.

‘என்கேஜ் எனிமி’ இதற்கு நேர்மாறு. அவர்கள் முழுச் சுதந்திரத்தோடு வேட்டையாடுவார்கள். எதிரிச் சிறு விமானங்கள் மட்டும் இருக்கும் இடத்தில் இதைவிடச் சிறந்தது வேறில்லை. ஆனால் துரத்தப்படுகிறவன் தன் தாய்க்கப்பலை நோக்கி ஓடினால், துரத்துகிறவரும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கப்பலின் பீரங்கிகளுக்குள் போய்விடுவார். சண்டை கப்பலை நெருங்குகிறது என்று கண்டதும் அந்தக் கப்பலை இலக்காகப் பிடித்து ‘இக்னோர் மை டார்கெட்’ கொடுங்கள். புதியவர்கள் தொட்டே பாராத கட்டளை இது. கப்பலைத் தாக்கப் போவதை இது நிறுத்தும். துரத்திக்கொண்டு போகிறவரை மட்டும் ‘ஃபார்ம் ஆன் மை விங்’ கொடுத்துத் தனியாகப் பின்னிழுக்க வேண்டியிருக்கும்.

‘டிஸ்ட்ராய் மை டார்கெட்’ எதிரிச் சிறு விமானத்தின் மேல் கொடுத்தால் நல்லது, ஒருவருக்கு மட்டும் கொடுத்தால். நால்வரும் ஒருவனைத் துரத்தும்போது அவர்களைத் துரத்தும் மற்றவர்களைப் பார்க்க ஆள் இல்லை. இலக்கு அழிந்ததும் அந்தக் கட்டளை முடிந்துவிடும். அவர் தம் பழைய போக்குக்குத் திரும்பிவிடுவார். காவலுக்கு நிறுத்தியவரை இப்படி இழுத்துப் பயன்படுத்தினால், முடிந்தவுடன் காவல் கட்டளையை மீண்டும் கொடுக்க மறக்காதீர்கள்.

கப்பலின் பீரங்கிகளை அழிக்கவோ இயந்திரத்தை முடக்கவோ அனுப்பும் ‘டிஸ்ஆர்ம்’, ‘டிஸ்ஏபிள்’ கட்டளைகள் மிகுந்த உயிர்ச்சேதம் விளைவிப்பவை. எந்தப் பீரங்கியை அழிக்கப் போகிறாரோ அது அவரைச் சுட்டுக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். என் வழக்கம், எதிரிச் சிறு விமானங்கள் எல்லாம் ஒழிந்த பிறகே இவற்றைக் கொடுப்பது, அதுவும் நானும் கூடவே போய்ப் பீரங்கிகளின் கவனத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போது மட்டும்.

விங் கமாண்டரில் இதோடு ஆளின் குணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்பிரிட் என்ற விமானி நாம் சொன்னதைக் கேட்பார். மேனியாக் என்ற அழைப்புப் பெயர் கொண்டவர் கேட்கமாட்டார். அணிவகுப்பில் நில் என்றால் பாய்ந்துவிடுவார். அவருக்குத் தடை விதித்து நேரத்தை வீணாக்காமல், அவர் பாயும் திசைக்கு நீங்களும் கொஞ்சம் நெருங்கிப் பறப்பதே பயன் தரும்.

6. வெடிக்கப் போகும் கப்பலிலிருந்து இழுத்துக்கொண்டு வாருங்கள்

பெரிய கப்பல் வெடிக்கும்போது அதிர்வலை எழும். பெரிய குண்டுகளுக்கும் அது உண்டு. சண்டையில் வென்று, அந்த வெற்றியின் வெடிப்பிலேயே எல்லாரையும் இழப்பது புதியவர்களிடம் அடிக்கடி காண்கிற காட்சி. கணினி விமானி கடைசிக் குண்டு படும்வரை கப்பலைச் சுற்றிக்கொண்டேயிருப்பார்.

எதிரிக் கப்பலின் ஹல், அதாவது அதன் உடற்பகுதியின் வலு, பத்துச் சதவீதத்துக்கு அருகில் வந்ததும், எல்லாருக்கும் ‘ஃபார்ம் ஆன் மை விங்’ கொடுத்துவிட்டு நேராக வெளியே பறந்துவிடுங்கள். ‘ஆல் ஃபைட்டர்ஸ்’ வரியைத் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய தருணம் இது. மிச்ச வேலையை நம் பெரிய கப்பல்களோ குண்டுவீச்சு விமானங்களோ முடித்துக்கொள்ளும்.

7. அடிபட்டவரை மீட்பதும் திருப்பி அனுப்புவதும்

ஷீல்டு தானாக நிரம்பும், ஹல் நிரம்பாது. ஃப்ரீஸ்பேஸ் 2இன் மூல ஆட்டத்தில் சப்போர்ட் ஷிப் என்ற உதவிக் கலம் வந்தால் ஏவுகணைகளை நிரப்பும், பழுதான உறுப்புகளைச் சரிசெய்யும், ஹல்லைத் தொடாது. ஆகவே ஹல் பாதியாகக் குறைந்த துணை விமானி மிஷன் முடியும்வரை பாதி ஆள்தான், அதற்கேற்ற வேலையை அவருக்குக் கொடுங்கள்.

உதவிக் குரல் கேட்டதும் அவரை நோக்கிப் பறக்காதீர்கள். அவரை இலக்காகப் பிடித்து, அவரைத் தாக்குகிறவனை அடுத்த இலக்காகப் பிடிக்கும் விசையை அழுத்துங்கள். விசை அமைப்புத் திரையில் அது இருக்கிறது. தாக்குகிறவன் துரத்துவதிலேயே கவனமாக நேர்கோட்டில் பறப்பதால் எளிய குறி. அவன்மேல் ஓர் ஏவுகணை பூட்டினாலே பெரும்பாலும் விலகிவிடுவான், கொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

அதுவும் முடியாத தூரத்தில் இருந்தால் ‘டிபார்ட்’ கொடுத்து அனுப்பிவிடுங்கள். கூட ஒரு துப்பாக்கி குறைகிறதே என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். செத்தாலும் அது குறையத்தான் போகிறது. சாவு நிரந்தரமான விங் கமாண்டரில் ‘ரிட்டர்ன் டு பேஸ்’ கட்டளையை இன்னும் முன்பே கொடுக்க வேண்டும். சேத அறிக்கை கேட்கும் வசதி அதில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுச் சண்டை முடிந்ததும் கேட்டுவிட்டு, கவசம் கிழிந்தவரைத் தயங்காமல் அனுப்பிவிட்டு, அடுத்த இடத்துக்குத் தனியாகப் போங்கள்.

8. நீங்களே கொன்றுவிடாமல் இருக்க

குறுக்கே வந்த நண்பரைச் சுடுவது எல்லாருக்கும் நேர்வது. ஃப்ரீஸ்பேஸ் 2இல் அது அளவு மீறினால் உங்களைத் துரோகி என்று அறிவித்து நம் ஆட்களே சுடத் தொடங்குவார்கள். எதிரியும் துணை விமானியும் பின்னிக்கொண்டு சுழலும்போது குழல் துப்பாக்கியை விட்டுவிட்டு, குறி பூட்டும் ஏவுகணையைப் பயன்படுத்துங்கள். பூட்டு எதிரியின் மேல் இருக்கும்வரை அது அவனையே தேடிப் போகும்.

9. ஒருவர் இறந்த பிறகு

முதல் வேலை, இறந்தவர் செய்துகொண்டிருந்த பணியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது. கப்பலுக்குக் காவல் நின்றவர் போய்விட்டால், உங்களுக்குக் காவல் நிற்பவரை அங்கே அனுப்புங்கள். புதியவர்கள் கோபத்தில் கொன்றவனைத் துரத்தப் போகிறார்கள்; அந்த நேரத்தில் காவலற்ற பக்கத்தில் குண்டு விழுகிறது.

மறுபடி தொடங்குவதா என்ற கேள்விக்கு, ஃப்ரீஸ்பேஸ் 2இல் என் பதில் வேண்டாம் என்பதே. ஆள் குறைந்த நிலையில் மிஷனை முடிக்கப் பழகியவர்தான் அடுத்த முறை ஆயுதத் திரையில் சரியாகப் பிரிக்கிறார்.

விங் கமாண்டரில் கணக்கு வேறு. அதில் சேமிக்கும் இடம் கப்பலின் படுக்கையறை. எட்டுக் கட்டில்கள், எட்டுச் சேமிப்புகள். மிஷனுக்கு மிஷன் ஒரே கட்டிலின் மேல் எழுதிக்கொண்டே போனால், ஒருவர் இறந்த மிஷனையும் அறியாமல் சேமித்துவிடுவீர்கள். மூன்று கட்டில்களைச் சுழற்சியில் வைத்துக்கொண்டு, புதிய துணை விமானியோடு பறக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தனியாக ஒன்றில் சேமியுங்கள். இறுதிச் சடங்குக் காட்சி வந்தால், அடுத்துச் சேமிக்கும் முன்பு அந்தக் கட்டிலுக்குத் திரும்பிவிடலாம்.